வீட்டிலேயே ஒலிப்பதிவு: குறைந்த செலவில் ஸ்டுடியோ மானிட்டர் வாங்குவது எப்படி?

ரமளானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம்மிடம் ஒரு கேள்வி வரத் தொடங்கிவிடும். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று கடற்கரை ஊர்களிலிருந்தும், இந்தப் பக்கம் இலுப்பூர், அன்னவாசலிலிருந்தும் இளம் ஆலிம்கள் கேட்பார்கள்: "ஹஜ்ரத், வீட்டிலேயே பயான் பதிவு செய்கிறோம். மைக் வாங்கியாச்சு. கேட்டுப் பார்த்துச் சரி செய்ய என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?"

முன்பெல்லாம் "ஏதாவது நல்ல ஸ்பீக்கரா வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பதிலை நமக்கே சொல்லிக்கொண்டு, மக்தபுக்கு மக்கள் கொடுத்த சந்தாப் பணத்தில் தவறான பொருளை வாங்கிய அனுபவம் நமக்கு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மக்தப் பிள்ளைகளுக்காகத் தஜ்வீத் பாடங்களைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். ஒரு கடையில் பெரிய பாஸ் பெட்டியும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் கொண்ட ஹோம் தியேட்டர் செட் வாங்கினோம். அதில் கேட்டபோது நம் குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது. அதனால் கம்ப்யூட்டரில் கீழ்ஒலியைக் குறைத்தோம். ஸீன், ஸாத் எழுத்துகள் காதைக் குத்தின. மேல்ஒலியையும் குறைத்தோம். கேட்க இதமாக இருந்தது. 22 பாடங்கள் முடித்து அனுப்பினோம். ஒரு மாணவனின் தாயார் ஆள் விட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத்துக்கு உடம்பு சரியில்லையா? சளி பிடிச்ச மாதிரி இருக்கே." போனில் போட்டுக் கேட்டோம். குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் மெலிந்திருந்தது. அதைவிடக் கவலை, ஸீனின் ஒலி மழுங்கி, நாக்கு நுனியைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஸாவைப்போல் கேட்டது. பிள்ளைகளில் சிலர் அப்படியே ஓதவும் பழகியிருந்தார்கள்.

குறை மைக்கில் இல்லை, நம் குரலிலும் இல்லை. நாம் கேட்ட ஸ்பீக்கர் நம்மிடம் பொய் சொன்னது. அந்தப் பொய்யை நம்பி, நன்றாக இருந்த பதிவைக் கெடுத்தோம்.

மானிட்டர் என்றால் என்ன?

மானிட்டர் என்றதும் பலருக்குக் கம்ப்யூட்டர் திரைதான் நினைவுக்கு வரும். ஒலிப்பதிவில் மானிட்டர் என்பது ஒரு வகை ஸ்பீக்கர். வீட்டில் நாம் வைத்திருக்கும் ஸ்பீக்கர், கேட்பவருக்குப் பிடிக்கும்படி கீழ்ஒலியையும் மேல்ஒலியையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பிரியாணிக்கு மேலே நெய் ஊற்றுவதுபோல. மானிட்டர் எதையும் தூக்காது, எதையும் மறைக்காது. பதிவில் குறை இருந்தால் குறையோடுதான் கேட்கும். அதனால் முதல் முறை கேட்பவருக்கு, "இவ்வளவு காசு கொடுத்தும் சுமாராத்தானே இருக்கு" என்று தோன்றும். அந்தச் சுமாருக்குத்தான் காசு.

இதற்கு ஒலிப்பதிவு உலகில் பேர்பெற்ற ஒரு உதாரணம் உண்டு. யமஹா நிறுவனம் 1978ல் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காக வெளியிட்டது. வீடுகளில் அது பெரிதாக எடுபடவில்லை. ஒலி கரடுமுரடாக இருந்தது. ஆனால் குரல் இருக்கும் நடு அலைவரிசையில் உள்ள எல்லாக் குறைகளையும் அது தூக்கிக் காட்டியதால், ஸ்டுடியோ இன்ஜினியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மேல்ஒலி அதிகம் என்று சிலர் அதன் சின்ன ஸ்பீக்கர்மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கூடப் பயன்படுத்தினார்கள். 2001ல் உற்பத்தி நின்ற பிறகும் அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர் உலகம் முழுக்க ஸ்டுடியோப் படங்களில் தென்படுகிறது. இதில் கேட்க நன்றாக இருந்தால் எதில் போட்டாலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

"இதெல்லாம் பாட்டுப் பதிவு செய்பவர்கள் சமாச்சாரம், ஓதுவதற்கும் பேசுவதற்கும் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் பார்வையில் நமக்குத்தான் இன்னும் அதிகம் தேவை. பாட்டில் ஓர் எழுத்து மழுங்கினால் ரசனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கிராஅத்தில் எழுத்து மாறினால் பொருளே மாறும். மக்தபில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு: அடிநாக்கிலிருந்து வரும் காஃபில் சொன்னால் 'கல்ப்' என்பது இதயம், சற்று முன்னால் வரும் காஃபில் சொன்னால் அது நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், காதுதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். தஜ்வீத் நூல்கள் ஸாத், ஸீன், ஸாய் மூன்றுக்கும் 'ஸஃபீர்' என்ற விசில் தன்மை உண்டு என்கின்றன. அந்த விசிலின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஸ்பீக்கர் அந்த இடத்தை மிகைப்படுத்தினால் நாம் அதைக் குறைத்துவிடுவோம், ஸஃபீர் போய்விடும். நமக்கு நடந்தது அதுதான்.

எத்தனை அங்குலம்? எத்தனை வாட்?

கடையில் முதலில் காட்டுவது பெரிய ஸ்பீக்கரைத்தான். 8 அங்குலக் கூம்பு, அதிர அதிர ஒலி. பயான், கிராஅத், தஜ்வீத் பாடம் பதிவு செய்பவருக்கு அது வேண்டாம். ஆண் குரலின் அடிப்படை ஒலி பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. பெண்கள், பிள்ளைகள் குரல் அதற்கும் மேலே. சொல் விளங்குவதற்கு வேண்டிய முக்கியப் பகுதி இன்னும் மேலே. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது, அதில்தான் சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நம் ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். கல்யாணப் பந்தலில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் பாஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் நாகூர் ஹனீபா அவர்களின் குரல் மூன்று தெரு தாண்டிச் சொல் சொல்லாக விளங்கியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே சின்ன அறையில் குரல் பதிவு செய்பவருக்கு 3.5 முதல் 5 அங்குலம் வரை போதும். சின்ன அறையில் பெரிய மானிட்டர் வைத்தால் நன்மை ஒன்றும் இல்லை, தொல்லைதான். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். பெட்டியில் 'பிஎம்பிஓ 3,000 வாட்' என்று எழுதியிருப்பது விளம்பரக் கணக்கு. 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பக்கத்துக்கு 20 வாட் தாராளம்.

அதேபோல 'இத்தனை ஹெர்ட்ஸ் முதல் இத்தனை ஹெர்ட்ஸ் வரை' என்ற எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. யமஹா எச்எஸ்5 மானிட்டருக்கு அந்த நிறுவனமே இரண்டு கணக்குக் கொடுக்கிறது. 10 டெசிபல் குறைவதை அனுமதித்தால் 54 ஹெர்ட்ஸ் முதல், 3 டெசிபல் மட்டும் அனுமதித்தால் 74 ஹெர்ட்ஸ் முதல். இரண்டையும் வெளிப்படையாக எழுதுகிறவர் நேர்மையாக அளந்திருக்கிறார் என்று பொருள். டெசிபல் கணக்கே இல்லாமல் '20 முதல் 20,000 வரை' என்று ஒரு சின்னப் பெட்டியில் அச்சடித்திருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

இப்போது பெயர் சொல்லியே பேசுவோம். விலை மாதத்துக்கு மாதம் மாறும், இவை தோராயம்தான். ஜோடி பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைப்பவற்றில் எடிஃபையர் எம்ஆர்4, ப்ரிசோனஸ் எரிஸ் 3.5 இரண்டும் குரல் வேலைக்குத் தாங்கும். இரண்டிலுமே முன்பக்கம் ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, லேப்டாப்பிலிருந்து சாதாரண வயரிலும் இணைக்கலாம். அதற்கு மேலே ஜேபிஎல் 305பி மார்க் 2, யமஹா எச்எஸ்5 போன்ற 5 அங்குல மானிட்டர்கள். இவை ஜோடி இருபத்தைந்தாயிரம் முதல் நாற்பதாயிரம் வரை போகும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பெரிய ரகங்களுக்கு ஆன்லைனில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கருக்கானது. ஜோடி என்று நினைத்து ஆர்டர் போட்டு, ஒற்றைப் பெட்டி வந்து இறங்கியபின் விழித்த ஓர் ஆலிமை நமக்குத் தெரியும். அது மட்டுமல்ல, இந்த இரண்டிலும் ஹெட்ஃபோன் துளையோ, லேப்டாப் வயரை நேரே சொருகும் துளையோ கிடையாது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். மைக்குக்காக ஏற்கெனவே அது இருந்தால் கவலையில்லை.

நம் தீர்ப்பைக் கேட்டால், குரல் மட்டும் பதிவு செய்கிறவர் பத்தாயிரம் ரூபாய் ரகத்தோடு நிற்கட்டும். மிச்சப் பணத்தை அறைக்குச் செலவழிக்கட்டும். நஷீத், தஃப் என்று பதிவு செய்பவர்கள் வேண்டுமானால் 5 அங்குலத்துக்குப் போகலாம்.

அறைதான் பாதி ஸ்பீக்கர்

நம் பக்கத்து வீடுகளில் பதிவுக்கென்று ஒதுக்கும் அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நான்கு பக்கமும் பெயின்ட் அடித்த சுவர். ஒலிக்கு இதைவிட மோசமான அறை அமைவது கஷ்டம். காரணம் எளிய கணக்கு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. பத்து அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் ஒலியும், அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸ் ஒலியும் மாட்டிக்கொண்டு சுற்றும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கத்திலும் அதே எண்ணில் மாட்டும். உயரமும் பத்தடி என்றால் மூன்று பக்கமும். 112 ஹெர்ட்ஸ் என்பது ஆண் குரலின் அடித்தளம். ஹோம் தியேட்டர் செட்டில் நம் குரல் முழங்கியதில் பாதி பாஸ் பெட்டியின் வேலை, பாதி அறையின் வேலை. பெரிய மானிட்டர் சின்ன அறைக்கு ஆகாது என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். அது கீழ்ஒலியை அதிகம் கொடுக்கக் கொடுக்க, அறை அதை இன்னும் பெருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். போனில் 'டோன் ஜெனரேட்டர்' என்று தேடினால் இலவச ஆப் கிடைக்கும். போனை மானிட்டரோடு இணைத்து 112 ஹெர்ட்ஸ் வைத்துவிட்டு அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். ஓர் இடத்தில் காது அடைக்கும், இரண்டடி தள்ளினால் ஒலியே இல்லாததுபோல் இருக்கும். ஒலி காணாமல் போகும் இடத்தில் நாற்காலி போட்டு எடிட் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறை நீள்சதுரமாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சதுர அறைதான் என்றால், அறையின் நடு மத்தியில் உட்காராதீர்கள், பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். துணி நிறைந்த அலமாரி, கிதாப் அலமாரி, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் அந்த அறைக்கே வரட்டும். மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கொஞ்சம் கீழ்ஒலியையும் விழுங்கும். கோரைப்பாயைச் சுவரில் மாட்டினால் மேல்ஒலி கொஞ்சம் அடங்கும், முழக்கம் அப்படியே இருக்கும். முட்டை அட்டை ஒட்டுவது வீண். அதில் பல்லி குடியேறுவதுதான் மிச்சம். கையில் கொஞ்சம் காசு இருந்தால், 4 அங்குலக் கனத்தில் ராக்வூல் பலகைகளைத் துணியில் சுற்றி மூலைகளில் நிறுத்துங்கள். அந்தக் காசில் ஸ்பீக்கரை மாற்றினால்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. ராக்வூலை வெறும் கையால் தொட வேண்டாம், அரிக்கும்.

மானிட்டர் இரண்டும் உங்கள் தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு மீட்டர் என்று வையுங்கள். மேலே உள்ள சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரட்டும். அதற்காக அடியில் இரண்டு செங்கல்லும் ஒரு ரப்பர் தாளும் போதும். கிதாபுகளை அடுக்கி உயரம் கொடுத்திருந்ததை ஒரு வீட்டில் பார்த்தோம், அந்த வேலை வேண்டாம். மூலையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுவரும் கீழ்ஒலியை 6 டெசிபல் வரை கூட்டும், மூலையில் அது இரு மடங்கு. பின்பக்கம் துளை உள்ள மானிட்டராக இருந்தால் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளட்டும். இடமே இல்லை என்றால், பல மானிட்டர்களின் பின்னால் கீழ்ஒலியைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கும். அது அதற்காகத்தான் இருக்கிறது.

பக்கச் சுவரில் எதிரொலி எங்கே பட்டு வருகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணாடியைச் சுவரோடு வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் மானிட்டர் தெரியும் இடத்தில் கனமான போர்வையை மாட்டுங்கள்.

இப்படி வீட்டில் ஆரம்பிப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. 1989ல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னும் வீட்டோடு சேர்ந்த ஸ்டுடியோவாகத்தான் தொடங்கியது. 'ரோஜா' வெளிவந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. அவர் துறை வேறு, நம் தேவை வேறு. ஆனால் பதிவு செய்யும் இடத்தைத் தன் காதுக்கு ஏற்றபடி தானே அமைத்துக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் பொது.

மின்சாரம், வயர், ஹெட்ஃபோன்

மானிட்டரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் எர்த் கோளாறு. லேப்டாப் ஒரு ப்ளக்கிலும் மானிட்டர் வேறு ப்ளக்கிலும் இருந்தால் இப்படி வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் இருந்தால், முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள கால் அங்குல ப்ளக் வயரை வாங்குங்கள். அது இரைச்சலைத் தானே கழித்துவிடும். ரீங்காரம் போகிறதே என்று மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. உயிரோடு விளையாடும் வேலை அது. வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமங்களில் ஒரு ஸ்டெபிலைசரும் கூடவே இருக்கட்டும்.

ஹெட்ஃபோன் மட்டும் போதாதா என்பது அடுத்த கேள்வி. கையில் ஐந்தாயிரம்தான் இருக்கிறது என்றால் போதும் என்றே சொல்வோம். அறையின் முழக்கம் ஹெட்ஃபோனில் இல்லை. வாய் எச்சில் சத்தம், பக்கம் புரட்டும் சத்தம், பின்னணி இரைச்சல் எல்லாம் அதில்தான் துல்லியமாகத் தெரியும். இரவில் பிள்ளைகள் தூங்கும்போதும் வேலை நடக்கும். ஆனால் மூன்று மணி நேரம் மாட்டியிருந்தால் காது களைத்து, எல்லாமே சரியாக இருப்பதுபோல் தோன்றத் தொடங்கும். குரல் கனமா, மெலிவா என்ற முடிவை மானிட்டரில் எடுங்கள். மானிட்டரிலும் சத்தம் அதிகம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவரின் குரல் அளவு போதும். கேட்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் புதுக்கோட்டையில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் ஃபேன் ஓடும்போது பதிவில் உள்ள மெல்லிய இரைச்சல் காதுக்கு எட்டாது.

மானிட்டரை நேரில் கேட்டு வாங்க வேண்டுமென்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் குரலில் ஒரு பதிவை, எதையும் கூட்டாமல் குறைக்காமல், பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் குரலை வீட்டில் உள்ளவர்கள் நேரில் கேட்டிருக்கிறார்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நம் குரல் நமக்கே எலும்பு வழியாகவும் கேட்பதால், பதிவில் அது எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குச் சரியாகத் தெரியாது. பழைய பொருளாக வாங்கினால் வால்யூம் திருகைச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று வரக் கூடாது. ஒலி எதுவும் போடாதபோது சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தால் லேசான 'ஸ்ஸ்' கேட்கும், விலை குறைந்த மானிட்டர்களில் அது சகஜம். உட்காரும் இடத்துக்கு அது எட்டாமல் இருந்தால் சரி.

எல்லாம் முடிந்தபின் கடைசிச் சோதனை, பதிவைச் சாதாரண போனில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு வருவது. நம் பயானை அதிகம் கேட்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். குக்கர் விசிலுக்கு நடுவிலும் சொல் விளங்குகிறதா என்று அவர்களையே கேளுங்கள்.

நாம் இப்போது 4 அங்குல மானிட்டர் ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தப் பழைய 22 பாடங்களையும் திரும்ப எடுத்துவருகிறோம். 17 முடிந்திருக்கிறது. சளியைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயாருக்குத்தான் ஒவ்வொன்றையும் முதலில் அனுப்புகிறோம். 9ஆம் பாடத்தில் மட்டும், ஸீன் இன்னும் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.